மருள் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

மேனாம்பேடு, அம்பத்தூர்
தை மாதம், வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி கிருபாகரனுக்கு அம்மா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உன் சௌக்கியத்தை இந்தத் தடவை நான் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் நல்லா இருக்கேம்மா என்பாய், ஐப்பசியில் உன் ரேகா நம்மை விட்டுப் போனதிலிருந்து போனில் அதையே கேட்டுக் கேட்டு எனக்கு அது கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் கடிதம். வீடியோவில் நீ பக்கத்துச் சுவரைப் பார்க்கிறாய், நான் உன் காதைப் பார்க்கிறேன், சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்கும் ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று நீ வைத்துவிடுவதற்கும் சரியாக இருக்கிறது. காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, வைத்தாலும் மேஜையிலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தையே கிழித்துப்போட்டு மறுபடி எழுதச் சொல்வார்கள், அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன். உன் கூட வேலை பார்க்கும் அஜித்குமாரின் ஆவடியில் இருக்கும் அப்பா அம்மா செவ்வாய்க்கிழமை வின்னிபெக்குக்கு விமானம் ஏறுகிறார்கள், அவர்களிடம் இதையும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை டப்பாவில் மாற்றி வை, பையிலேயே வைத்திருக்காதே.

இது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிய கடிதம். ரேகா போன பிறகு நீயாக வாயைத் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான், அதனால் முறையாகப் பதில் எழுதுகிறேன். போன வாரம் நீ அனுப்பிய போட்டோவில் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றில் மருள், நர்சரிக்காரர்கள் ஸ்நேக் பிளான்ட் என்கிறார்களே அது, அடி அழுகி இலைகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. இன்னொன்றில் வெள்ளைப் பூ பூக்கும் பீஸ் லில்லி, பிழியாமல் போட்ட துணி மாதிரி தொட்டி விளிம்பில் தொங்கியது. "எதுக்கு ஊத்தினா எது சாகுதுன்னு தெரியலம்மா" என்றாய். எவ்வளவு ஊற்றுகிறாய் என்று கேட்டேன், மருளுக்கு ஒரு டம்ளர்தான், தினம் காலையில் என்றாய். மருளுக்குப் போய் யாராவது தினமும் ஊற்றுவார்களா என்று கேட்டதற்கு, ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். மறுநாள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, புரிந்ததைப் போனில் சொல்லத் தெரியவில்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் வீட்டு விஷயம்.

பொங்கல் இந்த வருஷம் நமக்குக் கிடையாது, உனக்கே தெரியும். எதிர் ஃபிளாட்டில் ஆனியில் குடிவந்த பவ்யா என்கிற கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு அது தெரியாது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஐ.டி. கம்பெனி வேலை, விடிவதற்கு முன்னால் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள், நம் வீட்டு சமாசாரம் அவள் காதில் எப்படி விழும். பொங்கலன்று காலையில் தன் வாசலில் பெரிய கோலமாகப் போட்டவள் இடம் போதாமல் நம் வாசல் வரைக்கும் இழுத்துவிட்டாள். வேலைக்கு வந்த எல்லம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, துக்க ஊட்டு வாசல்ல வந்து கோலத்த போட்டு வச்சிக்கீது அந்தப் பொண்ணு, அழிச்சிடட்டா" என்று துடைப்பத்தை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரைந்திருந்த கரும்பில் ஒன்று சரியாக நம் நிலைப்படியில் வந்து முடிந்திருந்தது. ரேகாவும் இப்படித்தான் அளவு பார்க்காமல் ஆரம்பித்துவிட்டு மாடிப்படி வரைக்கும் போய்விடுவாள், நான் அளவெடுத்துப் போடக் கூடாதா என்று கேட்பேன். மிதிக்க வேண்டாம் என்று அன்று முழுவதும் நான் வெளியே போகவில்லை.

அப்புறம் எல்லம்மா மூலம் விஷயம் தெரிந்து பவ்யா கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். மன்னிப்பு கேட்கிறவர்களை நிற்க வைப்பது எனக்குப் பிடிக்காது, உட்காரச் சொல்லி காபி கொடுத்தேன். ஹாலில் செடிகளைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் என்ன வைத்தாலும் இலை நுனி கருகிப்போகிறது என்றாள். போய்ப் பார்த்தேன். தொட்டி விளிம்பெல்லாம் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. என்ன ஊற்றுகிறாய் என்றால், "ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போற தண்ணியப் பக்கெட்ல புடிச்சு ஊத்தறனுங்க ஆன்ட்டி, வீணாப் போகுதுங்களே" என்கிறாள். நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், பாத்திரத்தில் கொதித்தால் சுண்ணாம்பு படியும். அதிலிருக்கும் உப்பையெல்லாம் மெஷின் ஒதுக்கி வெளியே தள்ளுகிறது, அந்த உப்பைத்தான் இவள் சேர்த்து வைத்துச் செடிக்குக் கொடுத்திருக்கிறாள். நாம் வாயில் வைக்க மாட்டோம் என்று தள்ளியதை அது மட்டும் குடித்துவிட்டு எப்படிப் பச்சையாக இருக்கும். தரை துடைக்க வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, தொட்டிகளை நல்ல தண்ணீரால் அடி வழியே போகும்வரை அலசிவிடச் சொன்னேன். நான் நின்று சொல்லிச் சொல்லி ஊற்ற வைத்ததைப் பார்த்த எல்லம்மா, "எங்கம்மா செடிக்குத் தண்ணி ஊத்தறது ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்தற மாரி கீதும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறாள். ரேகா இருந்திருந்தால் இதைச் சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சிரிக்க வைத்திருப்பேன். அப்படி நினைத்துக்கொண்டு போனைக்கூட கையில் எடுத்துவிட்டேன் கிருபா.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ரேகா இந்த வீட்டில் இருந்த நாட்களில் எங்களுக்குள் சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. அவள் துண்டை மடிக்கும் விதம் எனக்குப் பிடிக்காது, நான் அதைப் பிரித்து மறுபடி மடித்து வைப்பது அவளுக்குப் பிடிக்காது, இருவரும் மரியாதையாக இருந்தோம். நீங்கள் வின்னிபெக் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடமைக்குப் போன் செய்வாள், வெயிலா அத்தை, மழையா அத்தை, அதோடு சரி. ஒருநாள் பேச ஒன்றுமில்லாமல், அவள் விட்டுப்போன மணிபிளான்ட் புதிதாக ஓர் இலை விட்டிருக்கிறது என்றேன். பிடித்துக்கொண்டாள். எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சாயந்திர வெயில் படுகிறதா. அன்றிலிருந்து நாங்கள் செடியைத் தவிர வேறெதையும் பேசியதில்லை, உன்னைப் பற்றிக்கூட இல்லை. செடி என்றால் அவளுக்கும் எனக்கும் ஒரே கண்டிப்பு. அந்த மருளை வாங்கிவந்த அன்று கடைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்த ஊரில் அதற்கு மாமியார் நாக்கு என்று பெயராம். "அத்தை, ஒரு வழியா உங்களையும் இங்க கூட்டிட்டு வந்துட்டேன், மூலையில பேசாம நிக்கிறீங்க" என்று எழுதியிருந்தாள். வேறு யார் எழுதியிருந்தாலும் நான் ஆறு மாதம் பேசியிருக்க மாட்டேன். அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அத்தை சௌக்கியமா என்று நான் கேட்பேன், சௌக்கியமா இருக்காங்க, புதுசா ஒரு நாக்கு முளைச்சிருக்கு என்று அவள் சொல்வாள். ஆவணியில் அவள் படுத்த படுக்கையாக இருந்தபோது இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். "அவருக்கு இதெல்லாம் தெரியாது அத்தை, நான் எழுந்து பாத்துக்கறேன்" என்றாள். எழுந்து என்ற சொல்லை அன்று நான் நம்பினேன்.

ஆகையால் இனி எழுதுவது என் புத்தி அல்ல, அவள் செய்துவந்தது, எனக்கு வாரா வாரம் சொன்னது. முதலில் கிழமை பார்த்து ஊற்றாதே. ஞாயிறும் புதனும் நமக்குத்தான், செடிக்கு இல்லை. அவள் ஒவ்வொரு தொட்டியாக விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் அப்படியே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள், எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தால்தான் ஊற்றுவாள். நீயும் தூக்கிப் பார், கொஞ்ச நாளில் கைக்கே தெரிந்துவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டியில் விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதே, உங்கள் வீட்டு ஹீட்டர் மேல்மண்ணை மட்டும் காயவைத்துவிடும், அடியில் சேறாக இருக்கும். இப்போது அங்கே வெளிச்சம் குறைவு, செடி பாதித் தூக்கத்தில் இருக்கிறது, அதற்கு அதிகம் வேண்டியிருக்காது. ஊற்றுவது என்று ஆனால் சும்மா மேலாக நனைக்காமல், அடித் துளை வழியாக வரும்வரை சுற்றிலும் மெதுவாக ஊற்று. பிறகு கொஞ்ச நேரம் விட்டுத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு, எந்தச் செடியும் தன் காலடித் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் அங்கே ஐஸ் மாதிரி வரும், அதை அப்படியே வேரில் ஊற்றினால் வேர் விறைத்துப்போகும். சமையலறை ஜன்னலுக்குக் கீழே இரண்டு காலிப் பால் கேன்கள் இருக்கும், நீ குப்பை என்று நினைத்திருப்பாய், எறிந்துவிடாதே. முந்தின நாளே தண்ணீர் பிடித்து அறைச் சூட்டுக்கு வரும்வரை அவள் வைத்திருக்கும் கேன்கள் அவை. எறிந்துவிட்டாயானாலும் பரவாயில்லை, வேறு இரண்டு வை.

தொங்கிக் கிடக்கும் பீஸ் லில்லியைப் பார்த்துப் பயப்படாதே, அது தாகத்தில் இருக்கிறது, சாகவில்லை. மருளுக்கு ஊற்றி அது அழுகியதும் பயந்துபோய் இதற்கு அடியோடு நிறுத்திவிட்டாய் என்று நினைக்கிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அந்தத் தொட்டியைப் பாதி முழுகும்படி வை, மண் குமிழி விடும், குமிழி நின்றதும் எடுத்து நன்றாக வடியவிட்டு அதன் இடத்தில் வை. சாயந்திரத்துக்குள் தலையைத் தூக்கும். ரேகா அதற்கு நாடகக்காரி என்று பெயர் வைத்திருந்தாள், ஒருநாள் பட்டினி போட்டால் ஊரைக் கூட்டும், ஒரு வாய் கொடுத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து நிற்கும் என்பாள். மருள் அப்படி இல்லை. அது வேண்டும் என்றும் கேட்காது, போதும் என்றும் சொல்லாது, உள்ளே அழுகி முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. நீ போட்டோ அனுப்பிய மறுநாள் அஜித்குமார் என்னைக் கூப்பிட்டான். அவனைத் திட்டாதே, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சித்தான் சொன்னான், நான்தான் ஒளிக்கப்போவதில்லை. "ஆன்ட்டி, பயப்படாதீங்க, இப்ப நல்லாதான் இருக்கான்" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது அவருடைய ஆபீசிலிருந்தும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஆபீஸ் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நீ மயங்கி விழுந்ததையும், ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் சலைன் ஏற்றியதையும் சொன்னான். நோய் எதுவும் இல்லை, உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை, இந்த மனிதர் தண்ணீர் குடிப்பதே கிடையாதா என்று டாக்டர் கேட்டாராம். மத்தியானம் சாப்பிட வருவதில்லை, கூப்பிட்டால் பசிக்கல மச்சான் என்கிறாய், மேஜையில் வைத்த பாட்டில் வைத்தபடியே இருக்கிறது என்றான். போனை வைத்துவிட்டு உன் போட்டோவை மறுபடி எடுத்துக் கண்ணாடி போட்டு விரலால் விரித்துப் பார்த்தேன். அழுகிய தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு டம்ளர் இருக்கிறது. ரேகாவின் சீர் வரிசையில் வந்த எவர்சில்வர் டம்ளர், அவள் பெயர் வெட்டியது. மேலே ஷெல்ஃபில் அவள் படத்தின் கீழ் விளிம்பு தெரிகிறது.

பதினாறாம் நாள் கருமாதி அன்று உன் கோமளா அத்தை உன்னிடம் போனில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். படத்துக்கு முன்னால் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் வை, தாகத்தோடு போன ஜீவன், ஒரு வருஷத்துக்கு வை, மறுநாள் அதைச் சிங்க்கில் கொட்டாதே, கால் படாத இடமாகப் பார்த்து ஏதாவது செடியின் அடியில் ஊற்று என்று அவள் சொல்லியிருப்பாள், எல்லோருக்கும் சொல்வதுதான். திருநின்றவூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் முருங்கை இருக்கிறது, குடம் குடமாக ஊற்றினாலும் குடித்துவிடும். நீ இருப்பது பனி மூடிய ஊரில் மாடி வீடு, கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணே தெரியாது. மண் என்று உனக்கு இருந்தது அவள் தொட்டிகள்தான், படத்துக்குப் பக்கத்தில் நின்றது மருள். நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை கிருபா, அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த டம்ளரைச் சிங்க்கில் கவிழ்க்க யாருக்குத்தான் கை வரும். உன் அத்தை மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் ஒரு தொட்டி தண்ணீரில் அழுகுகிறது, பக்கத்தில் என் பிள்ளை காய்ந்து விழுகிறான் என்றால் அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க முடியாது.

மருளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செடி பிழைக்காது. வேர் போய்விட்டது, தொட்டியை மாற்றினாலும் மண்ணை மாற்றினாலும் வராது, வரும் என்று சொல்லி உன்னைக் காத்திருக்க வைக்க மாட்டேன். ஆனால் போட்டோவில் பின்பக்கமாக ஓர் இலை இன்னும் விறைப்பாக நிற்கிறது. அதை அழுகலுக்கு நன்றாக மேலே, சுத்தமான கத்தியால் வெட்டி எடு. வெட்டியவுடன் நடாதே, நிழலில் சில நாள் சும்மா கிடத்து, வெட்டுவாய் ஆறி மூடிக்கொள்ள வேண்டும், ஆறாத காயத்தோடு மண்ணில் வைத்தால் அதுவும் அழுகும். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொள், தலைகீழாக நட்டால் வேர் விடாது. மணல் கலந்த மண்ணில் சின்னத் தொட்டியில் நட்டுவிட்டு மறந்துவிடு, எப்போதாவது கொஞ்சம் நனை. மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது, பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதே. கோடைக்குள் அடியிலிருந்து சின்னதாக ஒன்று எட்டிப் பார்க்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், முளைத்த பிறகு பார்த்துவிட்டு நீ ஏமாறக் கூடாது. இலை விளிம்பில் ஓடும் அந்த மஞ்சள் கோடு இனி வராது. வெட்டி வைத்த இலையிலிருந்து வருவது வெறும் பச்சையாகத்தான் வரும், ரேகாவே எனக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். நீ ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை, அதன் சுபாவம் அப்படி. வேர் பிடிக்கும், வளரும், பழைய மாதிரி இருக்காது.

அப்படியானால் அந்த டம்ளர் தண்ணீரை என்ன செய்வது என்று நீ கேட்பாய். கேட்க மாட்டாய், மனத்துக்குள் நினைப்பாய். இனி வைக்காதே என்று சொல்லத்தான் முதலில் எனக்குத் தோன்றியது, கான்வென்ட்டில் படித்த மூளை அப்படித்தான் சொல்லும். பிறகு அந்தப் போட்டோவில் டம்ளர் எவ்வளவு பளபளவென்று துலக்கியிருந்தது என்பதைப் பார்த்தேன். உன் கையால் இந்த வீட்டில் ஒரு ஸ்பூன் துலக்கி நான் பார்த்ததில்லை. அதை நிறுத்தச் சொல்ல நான் யார். நேற்று ரயிலேறித் திருநின்றவூர் போனேன், படி ஏறி இறங்கியதில்தான் இன்று முழங்கால் இப்படி வீங்கியிருக்கிறது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து உன் அத்தையிடம் நான் சந்தேகம் கேட்டு வழக்கம் இல்லை, அவளும் என்ன அண்ணி நீங்களா என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். கேட்டேன். என்ன கேட்டேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். அவள் மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்தாள். "அப்படி யாரும் செஞ்சி நான் கேள்விப்பட்டதில்ல அண்ணி. கூடாதுன்னு யாரும் சொல்லியும் கேள்விப்பட்டதில்ல" என்றாள். எனக்கு அது போதும்.

உன் அப்பா போன பிறகு அவர் குளிக்கும் வாளியை நான் நிரப்பிக்கொண்டே இருந்தேன், உனக்குத் தெரியாது. காலையில் மோட்டார் போட்டதும் என் வாளி ஒன்று, அவர் வாளி ஒன்று, கை தானாகப் பிடித்து வைத்துவிடும். பிடித்த பிறகு கொட்ட மனம் வராது. சாயந்திரம் வரை அது அப்படியே நிற்கும், பிறகு நானே அந்தத் தண்ணீரில் மறுபடி குளிப்பேன். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சளி பிடித்தது, பிடித்தால் என்ன, அந்தக் குளியலுக்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. வாளியை நிரப்புவது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

ஆகவே தினமும் அந்த டம்ளரைத் துலக்கி நிரம்பத் தண்ணீர் வைத்து, மூடி, அவள் படத்துக்கு முன்னால் வை. வருஷம் முடியும்வரை வை, உனக்குத் தோன்றினால் அதற்குப் பிறகும் வை. காலையில் அதைச் செடிக்கு ஊற்றாதே. நம் வீட்டில் எதைப் படைத்தாலும் கடைசியில் யார் சாப்பிடுகிறோம், வீட்டில் இருக்கிறவர்கள்தானே. அந்த வீட்டில் இருக்கிறவன் நீ. அவள் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து, அந்தத் தண்ணீரை நீ குடி. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பு.

திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், உன் உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும். அஜித்குமாரின் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தட்டாமல் போ. தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்ட மறக்காதே. கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, செடியை அல்ல, அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம். அவள் பெயர் தெரிகிற மாதிரி, காலி டம்ளரை.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்கையர்க்கரசி